சீரியல் மியூசிக் முதல் தடவ கேக்கப் போறீங்களா? பெர்க்கா, வேபர்னா, ஷோன்பெர்க்கா

சீரியல்னு சொன்னாலே நம்ம வீட்டுல ராத்திரி எட்டு மணிக்கு ஓடுறதுதான் ஞாபகத்துக்கு வரும், கீபோர்டு வாசிக்கிற ஒரு தம்பி வீட்டுல உக்காந்து இதப் பத்திப் பேசிட்டு இருந்தப்ப உள்ளேருந்து அவங்க அம்மா "எந்த சேனல்ல வருதுப்பா"ன்னு கேட்டாங்க, சிரிச்சு முடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. அப்புறம் அவன் கேட்ட கேள்விதான் இது. "அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, ஆர்கெஸ்ட்ராவுல வரணும், ஞாயித்துக்கிழமை கேக்குறேன், பிடிச்சா மேல போறேன், இல்லன்னா விட்டுடுறேன்." பத்து பேர வெச்சு லிஸ்ட் போட்டுத் தர்றது ஈஸி, ஒண்ணே ஒண்ணுன்னா கஷ்டம். அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

முதல்ல விஷயம் என்னன்னு சுருக்கமா. சீரியல் மியூசிக்ங்கறது மேற்கத்திய இசைல ஒரு எழுதுற முறை, சீரியல்னா இங்க வரிசைனு அர்த்தம். கீபோர்டுல ஒரு சி-லேர்ந்து அடுத்த சி-க்கு முன்னாடி வரைக்கும் வெள்ள கருப்பு சேத்து 12 கட்டை. அந்தப் பன்னெண்டையும் ஒரு தடவ வர்ற மாதிரி ஒரு வரிசைல அடுக்கிக்கணும், அந்த வரிசைய வெச்சுதான் முழுப் பாட்டும். அத முன்னாடிலேர்ந்து வாசிக்கலாம், பின்னாடிலேர்ந்து வாசிக்கலாம், மேல ஏறுன இடத்துல அதே அளவு கீழ இறக்கி தலைகீழாக்கி வாசிக்கலாம், அந்தத் தலைகீழையே பின்னாடிலேர்ந்தும் வாசிக்கலாம், ஆக நாலு வடிவம். நாலையும் 12 கட்டைலேர்ந்து ஆரம்பிக்கலாம், மொத்தம் 48. பன்னெண்டையும் எத்தன விதமா அடுக்கலாம்னு கணக்கு போட்டா 47,90,01,600 வருது, ஆனா இசையமைப்பாளர் இதுல ஒண்ண எடுத்துக்கிட்டு அதோடவே குடும்பம் நடத்துவாரு. ஆர்னால்ட் ஷோன்பெர்க் வியன்னாவுல 1920களோட ஆரம்பத்துல இத ஒரு முறையாக் கொண்டு வந்தாரு, அவரோட சிஷ்யங்க ஆல்பன் பெர்க், ஆன்டன் வேபர்ன் ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டாங்க.

ஒரு எச்சரிக்கை. வரிசைனதும் ராகத்தோட ஆரோகணம் அவரோகணத்தக் கொண்டு வந்து பக்கத்துல வெச்சுப் பாக்காதீங்க, நான் அப்படிப் பாத்து ஆறு மாசம் குழம்பினேன். ராகத்துல ஸ்வரத்துக்குத் திரும்பி வரலாம், ஒண்ணு மேல நின்னு அசைக்கலாம், கீழ தம்பூரா ஸ-வ விடாம பிடிச்சுட்டு இருக்கும், எவ்வளவு தூரம் போனாலும் வீடு எங்க இருக்குன்னு தெரியும். இங்க வேணும்னே அந்த வீட்ட எடுத்துட்டாங்க. பன்னெண்டுல எதுவும் முதலாளி இல்ல. அதனால முதல் தடவ கேக்குறப்ப காது ஸ-வத் தேடி அலையும், கிடைக்காது, எரிச்சல் வரும், "சுதி சேரல"ன்னு தோணும். அது உங்க காதுல குத்தமில்ல, பாட்டுலயும் குத்தமில்ல. அந்த எரிச்சல எந்தப் படைப்பு எப்படி சமாளிக்குதுங்கறத வெச்சுத்தான் நான் தேர்வு பண்ணுவேன். எது பெருசு, எது வரலாற்றுல முக்கியம்ங்கற பேச்சு அப்புறம்.

எல்லாரும் சொல்ற பதில் பெர்க்கோட வயலின் கான்செர்ட்டோ, அதாவது ஒரு வயலின் முன்னாடி நிக்க ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கிற படைப்பு. 1935. எளிமையான பதில், நல்ல பதிலும்கூட, ஏன்னா அதுக்குப் பின்னாடி இருக்கற கதையே ஆள உலுக்கிடும். லூயிஸ் கிராஸ்னர்ங்கற அமெரிக்க வயலின்காரர் 1,500 டாலர் தர்றேன், எழுதித் தாங்கன்னு கேக்குறாரு. பெர்க் பொதுவா ஆமை வேகம். அந்த ஏப்ரல்ல, இசையமைப்பாளர் மாலரோட மனைவியா இருந்த ஆல்மாவோட பொண்ணு, கட்டடக் கலைஞர் வால்டர் க்ரோபியஸுக்குப் பொறந்த மனோன், போலியோ வந்து 18 வயசுல இறந்து போறா. பெர்க் நொறுங்கிப் போயி நாலு மாசத்துக்குள்ள மொத்தத்தையும் எழுதி முடிச்சு 'ஒரு தேவதையின் நினைவுக்கு'ன்னு போட்டாரு. அதே வருஷம் டிசம்பர் 24, பூச்சிக்கடில ஆரம்பிச்ச புண்ணு ரத்தத்துல விஷமேறி அவரும் போயிட்டாரு, 50 வயசு. 1936 ஏப்ரல்ல பார்சலோனால முதல் தடவ வாசிச்சப்ப கேக்க அவர் இல்ல.

இப்ப வரிசையப் பாருங்க, கீபோர்டு பக்கத்துல இருந்தா வாசிச்சே பாருங்க: ஜி, பி ஃபிளாட், டி, எஃப் ஷார்ப், ஏ, சி, ஈ, ஜி ஷார்ப், பி, சி ஷார்ப், டி ஷார்ப், எஃப். முதல் மூணும் சேந்தா ஜி மைனர் கார்டு (கார்டுன்னா சேந்து ஒலிக்கற நோட்டுக் கூட்டம்). மூணாவதுலேர்ந்து மூணு எடுத்தா டி மேஜர். அஞ்சாவதுலேர்ந்து ஏ மைனர். ஏழாவதுலேர்ந்து ஈ மேஜர். இந்த நாலு கார்டும் எந்த நோட்டுல ஆரம்பிக்குது? ஜி, டி, ஏ, ஈ, அதாவது வயலினோட நாலு வெறும் கம்பி. கடைசி நாலு நோட்டும் முழு முழு ஸ்டெப்பா ஏறுது, அது பாக்ங்கற பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் 1723ல ஒரு கான்டாட்டாவுல (சர்ச்சுக்கான பாட்டுத் தொகுப்பு) போட்ட 'போதும்'னு ஆரம்பிக்கற கோரலோட (சர்ச்சுல சேந்து பாடுற பாட்டு) முதல் நாலு நோட்டு எப்படி ஏறுமோ அதே படிக்கட்டு. கடைசிப் பகுதில அந்தக் கோரலையே முழுசாக் கொண்டு வர்றாரு, வயலின் அழுற மாதிரி ஒரு வரி பாடும், பாக் போட்ட கார்ட்ஸோட கிளாரினெட்டுங்க சின்ன சர்ச் ஆர்கன் மாதிரி பதில் சொல்லும். நான் எத்தன தடவ கேட்டாலும் அந்த இடத்துல வேற வேலை ஓடாது.

இவ்வளவு நல்லா இருக்குன்னா ஏன் இதையே சொல்லிட்டுப் போகலன்னு கேப்பீங்க. என் புகாரே அதுதான். பெர்க் சாமர்த்தியமா வரிசைக்குள்ளயே மைனர் மேஜர் கார்ட்ஸப் புதைச்சு வெச்சதால நம்ம காது அங்க வீட்டக் கண்டுபிடிச்சு நிம்மதியா உக்காந்துக்குது. ஜி மைனர் தெரியுது, நாட்டுப்பாட்டு ஒண்ணு தெரியுது, கோரல் தெரியுது. இருபத்தஞ்சு நிமிஷம் முடிஞ்சதும் "ஓ, சீரியல்னா இதானா, சூப்பரா இருக்கே"ன்னு கிளம்பிடுவோம். அப்புறம் அடுத்ததா ஷோன்பெர்க்கப் போட்டா செவுத்துல முட்டின மாதிரி இருக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, ஒரு வருஷம் முழுக்க பெர்க்க மட்டும் கேட்டுட்டு எனக்கு சீரியல் மியூசிக் வந்துடுச்சுன்னு நாலு பேர்கிட்ட பெருமையடிச்சுட்டு, வேற எதையும் பத்து நிமிஷம் தாண்ட முடியாம இருந்தேன். பெர்க் வழியா உள்ள போனா பெர்க் வீட்டுக்குத்தான் போய்ச் சேருவோம், அந்தத் தெருவுக்கு இல்ல.

அடுத்து வேபர்ன், சிம்பொனி, ஓபஸ் 21 (ஓபஸ்னா படைப்போட வரிசை எண்), 1928ல முடிச்சது. சிம்பொனினதும் நூறு பேர் மேடைல இருப்பாங்கன்னு நெனக்காதீங்க. கிளாரினெட், பாஸ் கிளாரினெட், ரெண்டு ஹார்ன், ஒரு ஹார்ப், டபுள் பாஸ் இல்லாத ஸ்ட்ரிங்ஸ், அவ்வளவுதான். ரெண்டே மூவ்மென்ட், அதாவது ரெண்டே பகுதி, பத்து நிமிஷத்துல கதை முடிஞ்சுடும், டீ போட்டு ஆறவெச்சுக் குடிக்கிற நேரம். ஆரம்பத்துல ஹார்ன் நாலு நோட்டு வாசிக்கும், மீதிய கிளாரினெட் நாலு, செல்லோ நாலு, பன்னெண்டு முடிஞ்சுது. ஒரே வரிய மூணு பேர் கை மாத்தி வாசிக்கறாங்க, நடுவுல மூச்சு விட இடம், அந்த இடைவெளிக்குள்ள இன்னொரு ஹார்ன் அதே வரியோட தலைகீழ ஆரம்பிச்சிருக்கும். வீட்டுப் பெரியவங்க காதுல விழுந்தா "இன்னும் ட்யூன் பண்ணிட்டே இருக்காங்களா"ன்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான்.

வேபர்ன் வரிசைல ஒரு வேடிக்கை இருக்கு. முதல் ஆறு நோட்ட பின்னாடிலேர்ந்து படிச்சு வேற கட்டைக்கு மாத்துனா ரெண்டாவது ஆறு கெடைச்சுடும். 'விகடகவி' மாதிரி. அதனால முன்னாடிலேர்ந்து வாசிச்சாலும் பின்னாடிலேர்ந்து வாசிச்சாலும் ஒண்ணுதான், 48 வடிவம் 24ஆ சுருங்கிடும். அந்தக் கண்ணாடி விளையாட்டு கட்டமைப்பு முழுக்க இருக்கு: ரெண்டாவது மூவ்மென்ட்ல தீம், அதாவது மூல மெட்டு, 11 பார் (பார்னா தாளக் கணக்குல ஒரு கட்டம்), அப்புறம் அத மாத்தி மாத்தி ஏழு வேரியேஷன், முடிவுக்கு ஒரு கோடா, ஒவ்வொண்ணும் 11 பார், மொத்தம் 99, ஒவ்வொண்ணும் நடுவுல மடிச்சா ரெண்டு பக்கமும் பொருந்தும். பேப்பர்ல பாத்தா கோலம் மாதிரி இருக்கும், புள்ளி ஒண்ணு தப்பாது. ஆனா இது காதுக்குத் தெரியுமா? எனக்கு ஸ்கோர், அதாவது எழுதின நோட்டுப் புத்தகம், இல்லாம தெரியல, தெரியுதுன்னு சொல்றவங்க மேல எனக்கு லேசா சந்தேகம். ஆனா வேற ஒண்ணு தெரியும். ஒவ்வொரு நோட்டும் தனித்தனியா நிக்கறதால, ஒரு ஹார்ன் சத்தத்துக்கும் ஹார்ப் கம்பி சத்தத்துக்கும் நடுவுல இருக்கற அமைதியக் கேக்கக் கத்துக்குவீங்க. ஃபேன் சத்தத்துக்கு நடுவுல போன் ஸ்பீக்கர்ல கேட்டீங்கன்னா பாதி நோட்டு காணாமப் போயிடும். ராத்திரி, லைட்ட அணைச்சுட்டு, நல்ல ஹெட்போன். இப்படி உக்காரப் பொறுமை இருக்கறவங்களுக்கு வேபர்ன முதல்லயே தரலாம், எலெக்ட்ரானிக் ஆம்பியன்ட் எல்லாம் கேட்டுப் பழகின பசங்களுக்கு இது ஆச்சரியமா சீக்கிரம் ஒட்டிக்கும். தம்பி அந்த ரகம் இல்ல, அவனுக்கு மெலடி வேணும்.

அங்கதான் நான் ஷோன்பெர்க்குக்கு வர்றேன், ஓபஸ் 31, ஆர்கெஸ்ட்ராவுக்கான வேரியேஷன்ஸ். பன்னெண்டு நோட்டு முறைல முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு அவர் எழுதின முதல் படைப்பு. 1926ல ஆரம்பிச்சு நடுவுல கிடப்புல போட்டு 1928ல முடிச்சாரு, அந்த டிசம்பர் 2ஆம் தேதி பெர்லின் ஃபில்ஹார்மோனிக்க ஃபுர்ட்வாங்லர் நடத்தினாரு, ஹால்ல ரகளையாயிடுச்சு. அந்தப் பேரே பல பேர ஓட வெச்சிடும், "ஷோன்பெர்க்கா, முதல் நாளேவா"ன்னு. அந்த பயம் தேவையில்லாததுன்னுதான் சொல்றேன், ஒரு நிபந்தனையோட: முழுசா கேக்காதீங்க. ஞாயித்துக்கிழமை முழு இருவது நிமிஷத்தையும் ஒரே மூச்சுல போட்டா தோத்துடுவீங்க. தீம் மட்டும். 34ஆவது பார்லேர்ந்து 24 பார். அதுக்கு முன்னாடி ஒரு இன்ட்ரொடக்ஷன் மெல்ல நடுங்கிக்கிட்டே ஆரம்பிச்சு பெருசாகி அடங்கும், அது அடங்கினதும் செல்லோ தனியா ஒரு பாட்டு பாட ஆரம்பிக்கும். அதான் இடம், தவற விடவே முடியாது.

அந்த 24 பார்ல என்ன பண்றாருன்னு பாருங்க. செல்லோ முதல்ல வரிசைய நேரா பாடுது. அடுத்த வரில தலைகீழோட பின்னோட்டம். மூணாவது வரில நேர் வரிசையோட பின்னோட்டம். நாலாவது வரிய வயலினுங்க வாங்கிக்குது, அது தலைகீழ். ஆக நாலு வடிவமும் ஒரே மெலடில, அடுத்தடுத்து, ஒருத்தர் நிதானமா மூச்சு விட்டு மூச்சு விட்டுப் பாடுற வேகத்துல. டெக்னிக்க இதவிடத் தெளிவா யாரும் ஆர்கெஸ்ட்ராவுல வெச்சுக் காட்டினதா எனக்குத் தெரியல. பெர்க்ல வரிசை கார்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கு, வேபர்ன்ல துண்டு துண்டா செதறிக் கெடக்கு, இங்க பாட்டா நிக்குது. வாயால ஹம் பண்ண முடியும், நான் பண்ணிருக்கேன், வீட்டுல யாரும் இல்லாதப்ப.

அதுக்கு மேல இன்னொரு காரணம். இவர் மனசுக்குள்ள பழைய ஆளு. பழைய இசையமைப்பாளர் பிராம்ஸ் பண்ண மாதிரியே தீம், ஒன்பது வேரியேஷன், கடைசியா ஃபினாலேங்கற முடிவுப் பகுதி. வீட்ட எடுத்துட்டாரு ஆனா வாசல், திண்ணை, கூடம்னு பழைய வரைபடத்தையே வெச்சிருக்காரு, அதனால வழி தெரியாமப் போனாலும் எந்த அறைல இருக்கோம்னு தெரியும். முதல் வேரியேஷன்ல தீம் கீழ பாஸ் வாத்தியங்களுக்குப் போயிடும், மேல மத்தவங்க ஓடிப் பிடிச்சு விளையாடுவாங்க. நாலாவது ஒரு வால்ட்ஸ், அதாவது மூணு அடி எண்ணி ஆடுற நடன மெட்டு, அங்க தீம் எங்க போச்சுன்னு தேடுனா ஹார்ப், செலஸ்டா, மாண்டலின் மூணும் சேந்து பின்னணி மாதிரி நைசா வாசிச்சுட்டு இருக்கும். பெரிய ஆர்கெஸ்ட்ராவுல மாண்டலினானு தம்பி கேட்டான், ஆமாம்பா. அப்புறம் பாக்குக்கு ஒரு கும்பிடும் உண்டு: ஜெர்மன்காரங்க நம்ம பி ஃபிளாட்ட பி-ன்னும், நம்ம பி-ய எச்-ன்னும் சொல்லுவாங்க, அதனால பாக்கோட பேர அப்படியே பி, ஏ, சி, எச்-னு (BACH) நாலு நோட்டா எழுதலாம். அத டிராம்போன் இன்ட்ரொடக்ஷன்லயே மெதுவா சொல்லிட்டுப் போகும், ஃபினாலேல வெளிப்படையா வந்து நிக்கும். முதல் தடவ கவனிக்கலன்னா பரவாயில்ல.

ஷோன்பெர்க்கே இத ஜனங்களுக்கு விளக்கணும்னு நெனச்சாரு, 1931ல ஃப்ராங்ஃபர்ட் ரேடியோல இந்த ஓபஸ் 31 பத்தியே ஒரு பேச்சு குடுத்தாரு. புரியாதவன் போகட்டும்னு விட்ட ஆள் இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு ஹிட்லர் வந்தாச்சு, யூதரான அவர் பெர்லின்ல வாத்தியார் வேலைய விட்டுட்டு 1933ல ஊர விட்டுக் கிளம்ப வேண்டியதாயிடுச்சு, அந்தப் பேச்சு அங்கயே நின்னு போச்சு.

குறைன்னு பாத்தா இருக்கு, மறைக்க வேண்டாம். நடுவுல சில வேரியேஷன்கள்ல நெரிசல் ஜாஸ்தி, எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற கல்யாண மண்டபம் மாதிரி. மட்டமான ரெக்கார்டிங்ல வெறும் இரைச்சல்தான் வரும். நடத்துனர் கரயான் 1970கள்ல பெர்லின் ஃபில்ஹார்மோனிக்க வெச்சுப் போட்டதக் கேளுங்க, ஒவ்வொரு இழையும் தனியா தெரியும். இன்னொரு நடத்துனர் பூலெஸ் சிகாகோ ஆர்கெஸ்ட்ராவோட பண்ணதும் தெளிவு, ஆனா எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சி. பெர்க்குக்குப் போறவங்க எந்த நல்ல வயலின்காரர் வேணா எடுத்துக்கலாம், ஆனா ஒண்ணு சொல்லணும், 1936 மே 1ஆம் தேதி லண்டன்ல கிராஸ்னர் வாசிக்க வேபர்ன் பிபிசி ஆர்கெஸ்ட்ராவ நடத்தின ரெக்கார்டிங் இன்னும் இருக்கு, ஒரே கரகரப்பு, ஆனா நண்பன் செத்து நாலு மாசம்தான் ஆச்சு, அந்த மனுஷன் நடத்துறாரு. அத முதல் தடவையா கேக்காதீங்க, பத்தாவது தடவையா கேளுங்க.

இந்த மூணு பேரத் தவிர வேற ரெண்டு பேர் பேரையும் யாராவது உங்ககிட்ட கண்டிப்பா சொல்லுவாங்க, அதனால சுருக்கமா. ஸ்டாக்ஹவுசனோட 'க்ரூப்பன்', 1958ல கொலோன்ல முதல் தடவ வாசிச்சது, மூணு ஆர்கெஸ்ட்ரா, 109 பேர், மூணு நடத்துனர், ஜனங்க நடுவுல, இடது, முன்னாடி, வலதுன்னு மூணு பக்கமும் மேடை. இங்க நோட்டு மட்டுமில்ல, வேகத்தையும் வரிசைப்படுத்தி கணக்கு போட்டிருக்காரு, ஒரே நேரத்துல ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு வேகத்துல போகும், அதனாலதான் மூணு நடத்துனர். ஒரு இடத்துல பித்தளை வாத்தியங்க ஒரே கார்ட ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குத் தூக்கிப் போட்டு விளையாடுவாங்க, சத்தம் தலையச் சுத்தி ஓடும். ஓடணும். ரெண்டு காது ஹெட்போன்ல எங்க ஓடுறது? இது நேர்ல போய் உக்காந்து கேக்க வேண்டிய சமாச்சாரம், முதல் படியா இத நீட்டுறவங்க உங்கள மெரட்டுறாங்கன்னு அர்த்தம்.

ஸ்ட்ராவின்ஸ்கியோட 'அகோன்' வேற மாதிரி, 1957, பாலே. ஷோன்பெர்க்கும் இவரும் லாஸ் ஏஞ்சலஸ்ல பக்கத்து ஏரியாவுல வருஷக்கணக்கா இருந்தும் பேச்சு வார்த்தை கெடையாது, ஷோன்பெர்க் 1951ல போனப்புறம்தான் இவர் மெதுவா இந்தப் பக்கம் திரும்பினாரு, எழுபது வயச நெருங்குற காலத்துல. அகோன் பழைய பாணி ட்ரம்பெட் முழக்கத்துல ஆரம்பிச்சு நடுவுல பன்னெண்டு நோட்டுக்குள்ள போயிட்டு கடைசில அதே முழக்கத்துக்கு வந்து முடியும். தாளத்துக்கு ஆடுற காது உள்ளவங்களுக்கு ஜாலியா இருக்கும். ஆனா பாதிதான் சீரியல், தம்பி கேட்ட கேள்விக்கு பாதி பதில்தான்.

ஆக என் ஓட்டு இப்படி. அழணும், வயலின் கேக்கணும், டெக்னிக் எப்படியோ போகட்டும்னா பெர்க், யோசிக்கவே வேண்டாம். தனியா ராத்திரி உக்காந்து அமைதியக் கேக்குற ஆளுன்னா வேபர்ன், பத்து நிமிஷம்தான், போனாலும் நஷ்டமில்ல. இந்த முறை நெஜமா என்ன பண்ணுது, என் காதுக்கு இது ஒட்டுமா ஒட்டாதான்னு நேர்மையா தெரிஞ்சுக்கணும்னா ஷோன்பெர்க் தீம், 24 பார், ஒரே நாள்ல பத்து தடவ, அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு ஒரு வேரியேஷன். பத்து நாள்ல முடிச்சுட்டு அதுக்கப்புறம் பெர்க்க எடுங்க, அப்ப அந்தக் கோரல் வர்ற இடத்துல வரிசையோட கடைசி நாலு நோட்டு பாக்குக்குள்ள கரையறது காதுக்கே தெரியும், நான் கோட்டை விட்டது அதத்தான்.

தம்பி ஞாயித்துக்கிழமை ராத்திரி போன் பண்ணான். தீம ஏழு தடவ கேட்டானாம், ஏழாவதுல செல்லோ முடிச்சு வயலின் வாங்குற இடம் வரும்போதே முன்கூட்டி தெரிஞ்சுதாம். பிடிச்சுதாடான்னு கேட்டேன். "தெரியலண்ணே, ஆனா அந்த ரெண்டாவது வரி காலைலேர்ந்து மண்டைல ஓடுது, அம்மா என்னடா முனகிட்டே இருக்கன்னு கேக்குறாங்க"ன்னான். வால்ட்ஸுக்கு இன்னும் வரல.